நீல ரோஜா விதைக்குக் கொடுத்த பணம்

கேள்வி: ஆன்லைனில் ‘நீல ரோஜா விதை’ பாக்கெட் ஒன்று வாங்கினேன். படத்தில் மயில் கழுத்து நிறம். முளைத்திருப்பதோ ஏதோ களைச்செடி. பூக்கும்வரை பொறுங்கள் என்கிறார் விற்றவர். பொறுக்கலாமா? இன்னொன்று: ஊட்டி நர்சரியில் வாங்கிய நீல ஹைட்ரேஞ்சா, பெங்களூரு வீட்டில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. அதுவும் ஏமாற்றுதானா?

பதில்: பொறுக்க வேண்டாம். முளைத்தது ரோஜாவாகவே இருந்தாலும் நீலமாகப் பூக்காது. பூக்களில் நீலத்துக்குப் பெரும்பாலும் காரணம் டெல்ஃபினிடின் வகை நிறமிகள். அதைத் தயாரிக்கத் தேவையான நொதி ரோஜாவில் இல்லை. ரோஜாவின் சிவப்புக்கு முக்கியக் காரணம் சயனிடின், மஞ்சளுக்குக் கரோட்டினாய்டுகள். எத்தனை தலைமுறை கலப்பினம் செய்தாலும் இல்லாத நொதி எங்கிருந்து வரும்? ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் செலுத்தி, 2009இல் ‘அப்ளாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் வெளிர் ஊதாதான். ரோஜா இதழ்ச் சாற்றின் அமிலத்தன்மை நீலத்தை எழவிடுவதில்லை. பூக்கடையில் கிடைக்கும் நீல ரோஜா, சாயத்தண்ணீர் குடித்த வெள்ளை ரோஜா. பூச்செண்டுக்கு அது போதும், சொல்லி விற்றால் தப்பில்லை. தவிர, நல்ல ரோஜா ரகம் வேண்டுமென்றால் ஒட்டுச்செடியோ பதியனோ வாங்க வேண்டும். விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

சரி, பணம்? விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விளம்பரப் படம், பில், முளைத்த செடியின் போட்டோ மூன்றையும் வைத்துத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஹைட்ரேஞ்சா விஷயத்தில் நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள். அதில் டெல்ஃபினிடின் இருக்கிறது. ஊட்டியின் புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழியாகப் பூவுக்குப் போய் நிறமியோடு சேர்ந்தால் நீலம். உங்கள் வீட்டில் உப்புப் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் மண்ணின் புளிப்பு குறைந்து அலுமினியம் கரையாமல் நின்றிருக்கும். மழைநீர் ஊற்றிப் பாருங்கள். அலுமினியம் சல்ஃபேட்டைத் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கரைத்தும் விடலாம், அதிகமானால் வேர் கருகும். எலும்புத்தூள் வேண்டாம், அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைக் கட்டிப்போடும். இப்போது விரிந்திருக்கும் பூ மாறாது, அடுத்த பூப்பில்தான் தெரியும். வெள்ளை ரகம் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவில் இறங்க வேண்டாம். அது எந்த மண்ணிலும் நீலமாகாது.