ரோபோ அணிக்கும் ஓர் எழுத்து

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாகப் பள்ளியின் ரோபோட்டிக்ஸ் அணியில் இருக்கிறாள். ஜனவரி வந்துவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு. தலைமுடியெல்லாம் அலுமினியத் தூள். பள்ளி அவர்களுக்குக் கொடுத்த இடம் பழைய சாமான் அறை. பதிவுக் கட்டணத்துக்காகப் பெற்றோர்கள் கேக் செய்து விற்கிறோம். ஹாக்கி ஆடும் பிள்ளைகளுக்குப் பாராட்டாகப் பள்ளிப் பெயரின் முதல் எழுத்தைத் தைத்த ஜாக்கெட் உண்டு. இவர்களுக்கு இல்லை. பள்ளியில் கேட்கட்டுமா என்றால் மகள் "விடும்மா" என்கிறாள். அங்கீகாரத்தைக் கேட்டு வாங்குவது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் இதற்கு ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளி விளையாட்டுகளை நடத்தும் மின்னசோட்டா மாநில உயர்நிலைப் பள்ளி லீக், 2012இலேயே ரோபோட்டிக்ஸுக்கும் மாநிலச் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கிவிட்டது. பனி ஹாக்கிதான் உயிர் என்று இருக்கிற ஊரில், ஆண்கள் ஹாக்கி அணிகளைவிட ரோபோ அணிகள் அதிகம் என்று செய்தி வந்த வருடங்களும் உண்டு. பல பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்கும் அந்த எழுத்தைக் கொடுக்கின்றன. ஆகவே நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கியதே, விளையாட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் அறிவியலுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான். 1992இல் நடந்த முதல் போட்டி நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், 28 அணிகளோடு நடந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம் நண்பரோடு உங்கள் மாநிலத்து டுலூத் நகருக்குப் போய் அப்படி ஒரு போட்டியைப் பார்த்தேன். அப்போது ஆட்டம் இரண்டரை நிமிடம். முதல் 15 விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும், பிள்ளைகள் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஒரு பையன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான். அப்புறம் பின்பக்கம், பழுது பார்க்கும் இடத்துக்குப் போனோம். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் ரோபோவைச் சாய்த்துவைத்து, ஒரு பெண் தரையில் படுத்தபடி கருகிப்போன மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாற்று மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன், அடுத்த ஆட்டத்தில் அவளுக்கு எதிராக இறங்கப் போகிறவன்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதைப் பள்ளி கொண்டாடாவிட்டால் வேறு எதைக் கொண்டாடும்?

ஆனால் எழுத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். முதலில் அணியை நடத்தும் ஆசிரியருக்கு ஊதியம் கேளுங்கள். ஹாக்கி பயிற்சியாளருக்கு அது உண்டு. ரோபோ அணியின் ஆசிரியர்கள் நிறையப் பேர் தங்கள் மாலை நேரத்தைச் சும்மா கொடுக்கிறார்கள். அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அணியும் அதோடு போய்விடும். அடுத்து, நல்ல காற்றோட்டமுள்ள ஓர் அறையும் போட்டிக்குப் போய்வர பேருந்தும். பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். எத்தனை கேக்தான் விற்பீர்கள்?

மகள் "விடும்மா" என்பது அவளுக்கு அது வேண்டாம் என்பதால் இருக்காது. அம்மா போய்க் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதானே. அங்கே பிள்ளைகளே பேசட்டும், ரோபோவையும் கொண்டுபோகட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். பேட்டரியை மட்டும் முந்தின ராத்திரியே சார்ஜில் போடச் சொல்லுங்கள்.