பூமிக்கடியில் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு அங்கேயே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதை நேரில் பார்க்க முடியாதுதான். ஒலி அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கேட்கலாம்.

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எடுக்கும் எரிவாயுவிலிருந்து பிரிக்கும் கார்பன் டை ஆக்சைடை, 1996 முதல் வட கடலுக்கு அடியில் உள்ள உட்சிரா மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். பல ஆண்டுகள், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டன்.

முக்கியமான விஷயம், செலுத்தத் தொடங்கும் முன்பே, 1994-இல், அந்த இடத்தை நில அதிர்வு அலைகளால் (தரைக்குள் அனுப்பும் ஒலி அலைகள்தான்) படம் எடுத்து வைத்திருந்தது. ஒப்பிட ஒரு 'முன்' படம் இல்லாவிட்டால் பிறகு எடுப்பதில் பாதிப் பயன் போய்விடும். 1999-இல் மறுபடி எடுத்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பாறையின் நுண்துளைகளில் உப்புநீர் இருந்த இடத்துக்கு கார்பன் டை ஆக்சைடு வந்தால், அலையின் வேகம் சட்டென்று குறையும், எதிரொலி வலுக்கும். ஒரே திரளாக இல்லாமல், மெல்லிய களிப்பாறைப் படலங்களுக்கு அடியில் ஒன்பது அடுக்குகளாக அது பரவியிருந்ததும் இப்படித்தான் தெரிந்தது. மேலே உள்ள தடித்த மூடுபாறையைத் தாண்டிக் கசிந்ததற்கான அடையாளம் படங்களில் இல்லை.

சரி, எத்தனை டன் என்று இதிலேயே சொல்லிவிடலாமா? அங்கேதான் சிக்கல். கொஞ்சம் வாயு கலந்தாலே வேகம் பெரிதும் குறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு சேர்ந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. அதனால் கடல்தளத்தில் ஈர்ப்புவிசையையும் அளந்தார்கள்: கனமான உப்புநீர் விலகினால் ஈர்ப்பு துளி குறையும்.

அல்ஜீரியாவின் இன் சாலா எரிவாயு வயலிலும் கார்பன் டை ஆக்சைடை பூமிக்கடியில் செலுத்தினார்கள்; அங்கே கண்காணிக்க வேறு வழி. அங்கே வெறும் பாலைவனம் என்பதால், செலுத்திய வாயுவின் அழுத்தத்தால் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் ரேடாரே காட்டிக்கொடுத்தது.