லிரிகா கிளாஸ் என்றால் இரண்டாம் கிளாஸா?

கேள்வி: எங்கள் திருமண நாளுக்காக மகன் டர்பனிலிருந்து கப்பல் பயணம் ஏற்பாடு செய்கிறான். எனக்கும் கணவருக்கும் இதுவே முதல் முறை. அவன் காட்டிய விவரத்தில் ஒரு கப்பலுக்கு ‘லிரிகா கிளாஸ்’ என்றும் இன்னொன்றுக்கு ‘மியூசிகா கிளாஸ்’ என்றும் போட்டிருக்கிறது. என் அப்பா கரஞ்சா கப்பலில் டெக்கில் படுத்து வந்தவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். இந்த வயதில் காசையும் கொடுத்துவிட்டுக் கீழ் கிளாஸில் போக மனம் வரவில்லை. இரண்டில் எது உயர்ந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: டீச்சரம்மா, உங்கள் அப்பா பட்ட பாடு பயணியைத் தரம் பிரித்ததால் வந்தது. கரஞ்சாவும் கம்பாலாவும் மும்பைக்கும் டர்பனுக்கும் ஓடிய காலத்தில் ஒரே கப்பலுக்குள் மேலே முதல் கிளாஸ், அதன் கீழே இரண்டாம் கிளாஸ், அறையே இல்லாமல் பாய் விரித்துப் படுக்கும் டெக் பயணிகள் என்று பிரித்து வைத்தார்கள். உங்கள் மகன் காட்டிய லிரிகாவும் மியூசிகாவும் பயணியைப் பற்றியவை அல்ல. ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களைச் சேர்த்து ஒரு கிளாஸ் என்பார்கள். பெரும்பாலும் முதலில் கட்டிய கப்பலின் பெயரே அந்தக் கிளாஸுக்கும் பெயராகிவிடும். டைட்டானிக், 1911-இல் ஓடத் தொடங்கிய ஒலிம்பிக் கப்பலின் தங்கை. அதனால் டைட்டானிக்கின் முதல் கிளாஸில் போன கோடீஸ்வரரும் மூன்றாம் கிளாஸில் போன கூலித் தொழிலாளியும் ‘ஒலிம்பிக் கிளாஸ்’ கப்பலில்தான் போனார்கள்!

நம் டர்பனுக்கு வந்துபோகும் எம்.எஸ்.சி. நிறுவனக் கப்பல்களையே எடுத்துக்கொள்வோம். லிரிகா கிளாஸில் லிரிகா, ஓபரா, ஆர்மோனியா, சின்ஃபோனியா என்று நான்கு. மியூசிகா கிளாஸில் மியூசிகா, ஆர்கெஸ்ட்ரா, போயசியா, மக்னிஃபிகா. ஸ்ப்ளெண்டிடா ஃபண்டாசியா கிளாஸைச் சேர்ந்தது. மூன்று கிளாஸ்களையும் கட்டத் தொடங்கிய வரிசையும் இதுதான், அளவில் ஏறும் வரிசையும் இதுதான்.

அளவைச் சொல்ல ‘மொத்த டன்’ என்று ஒரு கணக்கு போடுவார்கள். அது எடை இல்லை. கப்பலின் உள்ளே அடைபட்ட இடம் எவ்வளவு என்பதைக் காட்டும் எண். சின்ஃபோனியா சுமார் 65,500, மியூசிகா சுமார் 92,400, ஸ்ப்ளெண்டிடா சுமார் 1,38,000. டைட்டானிக் 46,000 சொச்சம்தான். ஆகவே ‘சின்னக் கப்பல்’ என்று சின்ஃபோனியாவைச் சொல்பவர்களை நம்பிப் பயப்பட வேண்டாம்.

கிரே ஸ்ட்ரீட்டில் நான் டிக்கெட் விற்ற காலத்தில், கவுண்டருக்கு வந்தவர்கள் “எது பெரிசு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். மொத்த டன்னை, அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சின்ஃபோனியாவுக்குச் சுமார் 33, மியூசிகாவுக்கு 36, ஸ்ப்ளெண்டிடாவுக்கு 42 வரும். எண் கூடக்கூட நெரிசல் குறையும். பள்ளி விடுமுறையில் ஓர் அறைக்கு நான்கு பேர் ஏறினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு போங்களேன்.

கிளாஸ் தெரிந்தால் உண்மையான பயன் இது: நீங்கள் போகப்போகும் மியூசிகாவின் அறைப் படம் கிடைக்கவில்லையென்றால் ஆர்கெஸ்ட்ராவில் அதே வகை அறையின் படத்தைப் பாருங்கள். குளியலறை எங்கே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அக்காள் தங்கை என்றாலும் மூக்கும் முழியும் ஒன்றாகவே இருப்பதில்லை. மக்னிஃபிகாவில் ஒரு நீச்சல் குளத்துக்கு மூடித் திறக்கும் கூரை உண்டு, மூத்தவள் மியூசிகாவுக்கு அது கிடையாது. லிரிகா கிளாஸ் கப்பல்கள் நான்கையும் 2014, 2015-இல் இத்தாலியின் பலெர்மோ கப்பல் பட்டறையில் நடுவில் அறுத்து, 24 மீட்டர் நீளத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினார்கள். அதற்கு முன் எடுத்த படங்களையும் அக்காலத்துப் பயணிகள் எழுதியதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இனி, உங்கள் அப்பா காலத்துத் தர வேறுபாடு இன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன். முதலில் அறை வகை: ஜன்னலே இல்லாத உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கு மேல் ‘சூட்’ எனும் விசாலமான அறை. இதன்மேல் பெல்லா, ஃபண்டாஸ்டிகா, ஆரியா என்று சலுகை வரிசை ஒன்று. ஒரே மாதிரி அறைக்கு விலை மாறுவது இதனால்தான். பெல்லா மலிவு, ஆனால் அறை எந்தத் தளத்தில் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். தனி லவுஞ்ச், தனி உணவகம், தனி நீச்சல் குளம் வைத்த ‘யாட் கிளப்’ ஃபண்டாசியா கிளாஸில்தான் தொடங்கியது. லிரிகா கிளாஸ் கப்பல்களிலும் மியூசிகா கப்பலிலும் அது இல்லை. அவற்றில் உள் அறைக்காரரும் பால்கனிக்காரரும் அதே பொது உணவுக்கூடங்களுக்குத்தான் வர வேண்டும். எனக்குப் பிடித்த விஷயம் அது.

என் முடிவைக் கேட்டால், மூன்று நான்கு இரவுப் பயணத்துக்குக் கிளாஸைத் தேடி அலையாதீர்கள். ஒரு பருவத்தில் டர்பனுக்கு வரும் கப்பல் ஒன்றோ இரண்டோதான், அதை நிறுவனமே முடிவு செய்கிறது. மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பால்கனிக்குக் கொடுங்கள். கணவரோடு காலைத் தேநீர் குடிக்க யாரிடமும் நாற்காலிக்குச் சண்டை போட வேண்டியதில்லை. அறை எண்ணை உறுதி செய்யும் முன் தள வரைபடத்தில் அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நடனக்கூடத்துக்கு நேர் மேலே படுத்தால் எந்தக் கிளாஸ் கப்பலிலும் தூக்கம் வராது.

கேள்வி: பெரிய கப்பல் ஆடாது என்கிறார்களே, உண்மையா? என் மனைவிக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும்.
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: குறைவாக ஆடும், ஆடவே ஆடாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நம் கடற்கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். கப்பலை மாற்றுவதைவிட அறையை மாற்றுங்கள், தம்பி. நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம், ஜன்னலோடு. உயரமான முன்முனை அறையை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு.

கேள்வி: தைப்பூசக் காவடி விரத நாட்களில் பயணத் தேதி அமைந்துவிட்டது. கப்பலில் சைவம் கிடைக்குமா?
– வாசகி, மெரிபேங்க்

பதில்: கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். காவடி எடுப்பவரானால் தேதியை மாற்றுங்கள். டர்பனில் கப்பல் பருவம் ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தைப்பூசத்துக்குப் பிறகும் கப்பல் உண்டு.

கேள்வி: மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவில் இறங்கும் பயணம் இது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இறங்க முடியுமா?
– வாசகர், டோங்காட்

பதில்: அங்கே கப்பலை அணைத்து நிறுத்தத் துறை இல்லை, மகனே. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும்போது சரியான நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும், கரையில் மணலில் நடக்கவும் வேண்டும். கடல் கொந்தளித்தால் யாரையும் இறக்கமாட்டார்கள். ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுபவரானால் அழைத்துப் போகலாம். இல்லையென்றால் அன்றைக்கு அம்மா கப்பலிலேயே இருக்கட்டும். எல்லோரும் தீவுக்குப் போய்விட்ட பகல் வேளையில் கப்பலில் கூட்டம் குறைந்துவிடும், நல்ல நாற்காலியெல்லாம் அவருக்குத்தான். அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள், வெளிநாட்டுக் கரைக்குப் போகும் பயணம் இது.