பத்துக்குப் பத்து அறையில் மானிட்டர் ஸ்பீக்கர்: கேள்வி பதில்

வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்து மிக்ஸ் பண்ணுகிறவர்கள் மானிட்டர் ஸ்பீக்கர் (மிக்ஸைச் சரிபார்த்துக் கேட்கும் ஸ்பீக்கர்) பற்றிக் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அறையின் நீள அகலம் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, என் அறை 10-க்கு 10. யமஹா எச்எஸ்5 வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து எச்எஸ்8 வாங்கலாமா? ஹிப்ஹாப் பீட் செய்கிறேன், எனக்கு பாஸ், அதாவது கீழ்ச்சத்தம், முக்கியம்.

பதில்: எச்எஸ்5 போதும் தம்பி. எச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், எச்எஸ்5 54 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்று கம்பெனி தாளில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் பெரியதுதான் கெட்டி என்று தோன்றும். ஆனால் உங்கள் அறை என்ன செய்யும் என்று அந்தத் தாளில் இருக்காது.

நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும் முதல் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். நீளமும் அகலமும் 10 அடி என்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே 57-இல் கூடி ஊதும். கூரையும் 10 அடி உயரமா? அப்படியென்றால் மூன்றும் ஒரே இடத்தில். மிக்ஸ் செய்ய இதைவிட மோசமான வடிவம் கிடையாது. மேலை நாட்டு வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் கொஞ்சம் ஆடிக்கொடுத்து பாஸைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படியே திருப்பி அடிக்கும்.

நானே 10 அடி அறையில் எச்எஸ்8 மாதிரி 8 இன்ச் கூம்பு உள்ள ஜோடியை வைத்து ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். உள்ளே பாஸ் குமுறும், நான் குறைப்பேன். காரில் போட்டால் காற்றுப் போன பலூன். ஸ்பீக்கரைத்தான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜேபிஎல் 305, ஆடம் டி5வி, எச்எஸ்5 எல்லாமே 5 இன்ச்தான். உங்கள் அறையில் இவற்றுக்குள் தெரியும் வித்தியாசத்தைவிட நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் தெரியும் வித்தியாசம் பெரிது. எது கடையில் கேட்கக் கிடைக்கிறதோ, எதற்குப் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதோ அதை வாங்குங்கள். போட்டிருக்கும் விலை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், பல கடைகளில் ஒன்றுக்குத்தான்.

கேள்வி: எச்எஸ் வரிசையின் வெள்ளைக் கூம்பு யமஹாவின் பழைய ஸ்பீக்கரான என்எஸ்-10 மாதிரியே இருக்கிறதே, சத்தமும் அதேதானா?

பதில்: இல்லை. வெள்ளை நிறம் மட்டும்தான் உறவு.

கேள்வி: சார், அறை 13-க்கு 10. ஒரு மூலையில் கதவு, நீளமான சுவரில் ஜன்னல், பீரோ, கட்டில். மேசையை எந்தச் சுவரில் போடுவது? உட்காருவது எங்கே?

பதில்: 10 அடிச் சுவரில் மேசையைப் போடுங்கள், ஒலி 13 அடி நீளவாட்டில் ஓடட்டும். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க மேசையை மூலையில் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பாஸ் ஏறும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.

காது இருக்க வேண்டிய இடம், மேசை போட்ட சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம். உங்களுக்கு ஏறக்குறைய 5 அடி. இது சட்டம் இல்லை, அங்கே ஆரம்பித்து அரையடி முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பதற்கான புள்ளி. உட்காரக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, சரியாக நடு, அதாவது ஆறரை அடி. 13 அடி நீளத்துக்கு முதல் அதிர்வு 43, 44 ஹெர்ட்ஸில் விழும், அறையின் நடுவில் அது காணாமல் போகும். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை வாசித்தவர் உங்களிடம் சண்டைக்கு வருவார். இன்னொன்று, முதுகு சுவரில் ஒட்டும் இடம். அங்கே எல்லா பாஸும் வீங்கித் தெரியும்.

ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஓரடி, காது 5 அடி என்றால், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே நாலரை அடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு அதே நாலரை அடி. முகம் இரண்டும் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். 10 அடி அறைக்காரர்களுக்கு இதே கணக்கு மூன்றேகால் அடி என்று வரும். பீரோவை ஸ்பீக்கர் பக்கம் வைக்காதீர்கள். இரும்புக் கதவு குறிப்பிட்ட ஒரு சுரத்துக்குக் கிணுகிணுக்கும், நீங்கள் அதை மிக்ஸில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: நான் கர்நாடக இசை பாடுகிறேன், சுருதி ஒன்றரைக் கட்டை. வீட்டிலேயே பதிவு செய்கிறேன். ஸ்பீக்கரில் கேட்டால் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஒல்லியாக இருக்கிறது, தம்புராவும் பலமில்லை. ஈக்யூவில் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) ஏற்றிவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டால் அதே ஷட்ஜம் குடத்துக்குள் பாடியது மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கரை வேறு மாற்றிப் பார்த்துவிட்டேன். சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த இரண்டடியில்தான் உங்கள் ஷட்ஜம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கீழ்ச்சுருதிகள் ஸ்பீக்கரிலிருந்து முன்னால் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போகும். முகத்திலிருந்து சுவர் வரை 60 செ.மீ., திரும்பி வர இன்னொரு 60. ஆக, பின்னால் போன ஒலி 1.2 மீட்டர் தாமதமாக உங்களிடம் வருகிறது. 144 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 2.4 மீட்டர், அதில் பாதி 1.2. நேராக வந்தது மேலே ஏறும்போது சுவரில் பட்டு வந்தது கீழே இறங்கும், ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒன்றரைக் கட்டை ஷட்ஜம் 139 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டை 147. உங்கள் ஆதார சுருதி நேராகக் குழிக்குள் நிற்கிறது.

ஈக்யூவில் ஏற்றினால் நேர் ஒலியும் ஏறும், சுவர் ஒலியும் ஏறும், கழித்தல் அப்படியே இருக்கும். ஏறியது ஃபைலில்தான். அதைத்தான் ஹெட்ஃபோனில் குடமாகக் கேட்டீர்கள். ஸ்பீக்கரை மாற்றினாலும் அதே இடத்தில் வைத்தால் அதே குழி.

பெட்டியைச் சுவரோடு நெருக்குங்கள், பின்னால் கேபிள் வளைய நாலு விரல் இடம் போதும். பாஸ் கொஞ்சம் கூடும். அதற்குத்தான் எச்எஸ்5 பின்னால் 'ரூம் கன்ட்ரோல்' சுவிட்ச் இருக்கிறது, மைனஸ் 2-இல் வையுங்கள், இன்னும் குமுறினால் மைனஸ் 4. பின்பக்கத் துளை உள்ள பெட்டியைச் சுவர் பக்கம் வைக்கவே கூடாது என்பார்கள். துளை மூச்சுவிட நாலு விரல் போதும்.

அவரே மீண்டும்: சுவரோடு ஒட்டினால் முகத்துக்கும் சுவருக்கும் 30 செ.மீ. வரும். குழி 288-க்குப் போகாதா? அது என் தாரஸ்தாயி ஷட்ஜம் பக்கம் ஆயிற்றே!

பதில்: கணக்கு சரி, உங்கள் தாரஸ்தாயி ஷட்ஜமான 277-க்கு மிகவும் பக்கம்தான். ஆனால் இரண்டு விஷயம் உங்களுக்குச் சாதகம். சுருதி ஏற ஏற ஸ்பீக்கர் முன்னாலேயே அதிகம் பேசும், பின்னால் போவது குறையும், அதனால் குழியின் ஆழமும் குறையும். அடுத்து, 144-ஐத் தின்ன மிகத் தடிமனான ஒலி உறிஞ்சும் அமைப்பு வேண்டும், 288-ஐ ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த 4 இன்ச் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையே பெருமளவு தின்றுவிடும். பலகைக்கு இடம் விட ஸ்பீக்கர் கொஞ்சம் முன்னே வந்தாலும் பரவாயில்லை. மின்னணுத் தம்புராவை ஸ்பீக்கர் வழியே ஓடவிட்டு, பெட்டியை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக நகர்த்துங்கள். உங்களுக்குச் சுருதி ஞானம் இருக்கிறது, மைக்கும் வரைபடமும் இல்லாமலே சரியான இடம் பிடிபடும்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். பாஸை அது தொடுவதேயில்லை, மேல் சத்தத்தை மட்டும் அரைகுறையாகக் குறைக்கும். தீப்பிடித்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. மொசைக் தரை, கை தட்டினால் 'கிணிங்' என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் ஸ்பீக்கர் முன் உட்காருங்கள். நண்பர் ஒருவர் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தபடி நகரட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் உங்களுக்குத் தெரிகிற இடம்தான் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடம். அங்கே பலகை வேண்டும், இரண்டு பக்கமும்.

பலகையை நீங்களே செய்யலாம். கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி ராக்வூல், 2 அடிக்கு 4 அடி, மரச் சட்டம், மேலே பருத்தித் துணி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. கையுறையும் முகமூடியும் போடாமல் ராக்வூலைத் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும். ஆணி வேண்டாம், கால் வைத்து நிறுத்துங்கள். வீடு மாறும்போது கூடவே வரும். ஒரு இன்ச் பஞ்சுப் பலகையைச் சுவர் முழுக்க ஒட்டினால் கிணிங் போய்விடும், குமுறல் அப்படியே இருக்கும், அறை கம்பளிக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அந்தக் காசில் தடிமனான நாலு பலகை மேல்.

ஆனால் 50 ஹெர்ட்ஸை இந்தப் பலகைகளும் பிடிக்காது. அதற்கு நாற்காலிதான்.

கேள்வி: ஸ்டுடியோ படங்களில் ஸ்பீக்கரைப் படுக்க வைத்திருக்கிறார்களே, நானும் வைக்கலாமா? என் மேசை தாழ்வு.

பதில்: படத்தில் இருப்பது பெரும்பாலும் என்எஸ்-10. 1978-இல் வீட்டில் பாட்டுக் கேட்க வந்த பெட்டி, பிறகு ஸ்டுடியோக்களில் மிக்ஸர் மேசையின் மேல் ஏறியது. படுக்க வைத்தால் கண்ணாடிக்கு அப்பால் பாடுகிறவரை மறைக்காது. உங்களுக்கு மறைக்க யாரும் இல்லை. படுத்த பெட்டியில் வூஃபரும் (கீழ்ச்சத்தத்துக்கான பெரிய கூம்பு) ட்வீட்டரும் (மேல் சத்தத்துக்கான சின்னது) பக்கம் பக்கமாக இருக்கும், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே இரண்டுக்கும் உள்ள தூரம் மாறி, இரண்டும் சந்திக்கிற 2000 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் நிறம் மாறும். நிமிர்த்தியே வையுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில், உட்கார்ந்தால் தரையிலிருந்து 115, 120 செ.மீ. தாழ்வாக இருந்தால் கீழே செங்கலை அடுக்கி மேலே ரப்பர் துண்டு போடுங்கள். அழகாக இருக்காது, ஆடாது.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்'. எர்த் பின்னை உடைத்தால் போய்விடும் என்றார் எலக்ட்ரீஷியன்.

பதில்: சத்தம் போகும், ஒரு நாள் ஆளும் போகலாம். எர்த்தைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து (கணினியோடு மைக்கையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் பெட்டி) ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ கேபிளோ மோனோ கேபிளோ போட்டிருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் போடுங்கள். பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும்.

கேள்வி: ரூம் ஈக்யூ விசார்ட் என்ற சாஃப்ட்வேர் வைத்து அறையின் ஒலியை அளந்தேன். 57-இல் 11 டெசிபல் மேடு, 90-இல் 10 டெசிபல் பள்ளம். சாஃப்ட்வேர் திருத்தம் போட்டால் தீர்ந்ததா?

பதில்: மேட்டை வெட்டலாம், அதில் நல்ல பலன் உண்டு. பள்ளத்தை நிரப்பாதீர்கள். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு பவர் தர வேண்டும். எச்எஸ்5 வூஃபருக்கு இருப்பதே 45 வாட். அத்தனையும் சுவரோடு கழிந்து போகும். முதலில் இடம், அப்புறம் பலகை, கடைசியாகத்தான் சாஃப்ட்வேர்.

கேள்வி: எவ்வளவு சத்தத்தில் வேலை செய்வது? ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது.

பதில்: சின்ன அறைக்கு 75 டெசிபல் பக்கம் போதும். சினிமா மிக்ஸிங் தியேட்டரின் 85 நமக்கு வேண்டாம். ஃபோன் ஆப் துல்லியமாக இருக்காது, ஆனால் தினமும் ஒரே அளவில் வைக்க உதவும். குமிழில் அந்த இடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ்தான் முதலில் மங்கும். ராத்திரி மெதுவாக வைத்து ஏற்றிய பாஸ் காலையில் வேறு மாதிரி கேட்கும். ராத்திரியில் குரல் அளவு, எடிட்டிங் பாருங்கள், பாஸைப் பகலுக்கு வையுங்கள்.

கேள்வி: பேசாமல் ஹெட்ஃபோனிலேயே முடித்துவிட்டால்?

பதில்: 8 அடிக்கும் குறைவான அறை என்றால் தாராளமாக. இடம் வலம் பிரிப்பதில் மட்டும் ஏமாற்றும், அதற்கு ஒரு தடவை ஸ்பீக்கரில் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நீங்கள் சொன்னபடி மேசையைத் திருப்பலாம் என்றால் கட்டில் குறுக்கே நிற்கிறது. அம்மா கட்டிலை எடுக்க விடமாட்டார்.

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் முதுகுப் பக்கச் சுவரோடு தள்ளிப் போடுங்கள், இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. பின்சுவருக்கு அதைவிடப் பெரிய பஞ்சுப் பலகை கடையில் கிடைக்காது. மிக்ஸ் செய்யும்போது மட்டும் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மா வருவதற்குள் இறக்கிவிடுங்கள்.