மிட்டாய்க்கு எதற்குக் கோமாளித்தனம்?

கேள்வி: டி.வி.யில் சாக்லேட், மிட்டாய் விளம்பரம் என்றாலே ஏன் ஒரே கோமாளித்தனம்? ஃபைவ் ஸ்டார் ரமேஷ் - சுரேஷ் கிறுக்குப் பிடித்த மாதிரி நிற்கிறார்கள். பொருளின் தரம் பற்றி ஒரு வார்த்தை உண்டா?
(வாசகர், தென்காசி)

பதில்: சாக்லேட்டின் பெயர், அதில் வருபவர்களின் பெயர் எல்லாம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்தவர் பார்த்தால் அகமகிழ்ந்துபோவார்.

தரம் பற்றி என்ன சொல்ல வேண்டும்? சர்க்கரை, குளுக்கோஸ், தாவரக் கொழுப்பு என்று வாசித்தால் வாங்குவீர்களா? குக்கர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். மிட்டாய், பெட்டிக்கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலாகவே கைக்கு வந்துவிடும். அந்த நிமிஷத்தில் பெயர் வாயில் வந்தால் போதும். வரவழைக்க சிரிப்பைவிட மலிவான வழி கிடையாது.

கிறுக்குத்தனம் என்கிறீர்கள். ரமேஷ் - சுரேஷின் அந்த பேன்ட் விளம்பரத்தை இன்னொரு தரம் பாருங்கள். அப்பாவின் பேன்ட்டை ஒரு சாண் குறைக்கச் சொல்லி டெய்லரிடம் வருகிறார்கள். சாக்லேட் வாய்க்குள் போனதும் சொன்னது மறந்துவிடுகிறது. மறுபடி அதையே சொல்கிறார்கள். டெய்லர் மறுபடி வெட்டுகிறார். கடைசியில் பேன்ட், அரை டிராயர். 'தின்றால் மெய்மறப்பீர்கள்' என்பதைத் துணியின் நீளத்தில் காட்டிவிட்டார்கள். அண்ணன் தம்பி முகத்தில் சலனமே இல்லை, சிரிப்பு முழுக்கக் கத்தரிக்கோலில். மௌனப் படக் காலத்திலேயே நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் செய்த வேலை இது: சுற்றிலும் எல்லாம் இடிந்து விழும், மனிதர் முகம் அசையாது. ருசியை டி.வி. வழியாக அனுப்ப முடியாது என்பதால் ருசிக்கிறவன் படும் பாட்டை அனுப்புகிறார்கள்.

சூயிங்கத்துக்கும் இதே கதைதான். பிரசூன் ஜோஷி எழுதி ராம் மத்வானி இயக்கிய, பல்லைப் பளிச்சிட வைப்பதாகச் சொல்லும் ஹேப்பிடென்ட் சூயிங்கத்தின் விளம்பரத்தில் ஒருவன் அரண்மனைக்கு விழுந்தடித்து ஓடுகிறான். வழியில் தெருவிளக்குக் கம்பங்களில் பல்புக்குப் பதில் ஆட்கள். எதற்கு ஓடுகிறான்? அவன் சரவிளக்கில் தொற்றிக்கொண்டு பல்லைக் காட்டி, மண்டபம் வெளிச்சமாகும்போதுதான் புரிகிறது. முழுநீளப் படத்தில் இடைவேளை வரை இழுக்கக்கூடிய முடிச்சை ஒரு பாட்டுக்குள் போட்டு அவிழ்த்துவிட்டார்கள். வேலைக்காரர்களை விளக்காகத் தொங்கவிட்ட ராஜா காலத்து வேடிக்கை எனக்கு உறுத்தியது. அது தனி வழக்கு.

அதில் வசனம் இல்லை என்பதையும் கவனியுங்கள். மும்பையில் ஒருமுறை எடுத்து எல்லா மொழிக்கும் அனுப்பலாம். வசனத்தை நம்பும் விளம்பரங்கள்தான் நம் சேனலுக்கு வந்ததும் மாட்டிக்கொள்கின்றன: இந்தி உதட்டில் தமிழ்க் குரல், நகைச்சுவை வந்து சேருமுன் வாய் மூடிவிடுகிறது. கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன்.