அடித்தவரை எப்படி எழுதுவது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 47 வயது. அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவள். பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, கையில் என்ன கிடைக்கிறதோ அதை எடுத்து அடிப்பார். அம்மா அடுத்த அறையில்தான் இருப்பாள். வர மாட்டாள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். 150 பக்கம் வந்துவிட்டது. திரும்பப் படித்தால் போலீஸில் எழுதிக் கொடுத்த புகார் போல இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, நீயாகப் பெரிதுபடுத்துகிறாய்" என்றான். அம்மாவுக்கு 74 வயது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. செத்துப்போனவரைப் பழிவாங்குகிறேனோ என்று சில நாள் தூக்கமே வருவதில்லை. எழுதுவதா, விட்டுவிடுவதா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

*

அன்புள்ள எம்.,

எழுதுங்கள். மூன்று அத்தியாயங்களையும் படித்து முடித்தபோது எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எப்படி எழுதுவது என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது. உங்கள் கடிதத்தையும் அத்தியாயங்களிலிருந்து சில இடங்களையும் இங்கே வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி.

புகார் போல இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். முதல் அத்தியாயத்தில் 'ஈவிரக்கமற்ற', 'நரகம்', 'மிருகம்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை 47 வயதில் நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் தீர்ப்பு. தீர்ப்பு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கேட் தாழ்ப்பாள். இரண்டாம் அத்தியாயத்தில் அதை எழுதியிருக்கிறீர்கள்: அப்பா உள்ளே வந்து தாழ்ப்பாளை நிதானமாகப் போட்டால் அன்றைக்குப் பயமில்லை. போடாமல் விட்டு, கேட் தானாகப் போய் மோதும் சத்தம் கேட்டால், பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் காதும் கேட்டின் மேலேயே இருந்தது. அங்கே நீங்கள் யாரையும் திட்டவில்லை. 'பயம்' என்ற சொல்லைக்கூட ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறீர்கள்.

அதைவிட முக்கியமான இடம் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. "அப்பா ராத்திரியில் என் பென்சில்களையெல்லாம் பிளேடால் சீவி டப்பாவில் அடுக்கி வைப்பார்." ஒரே வரி. எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே வேறொரு நாள் வாங்கிய அடிக்குப் போய்விடுகிறீர்கள். ஏன் அவ்வளவு அவசரம்? அடித்த நாளிலும் சீவி வைப்பாரா? மறுநாள் வகுப்பில் டப்பாவைத் திறக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது? என்றைக்காவது சீவாமல் விட்டிருக்கிறாரா, அன்றைக்கு நிம்மதியாக இருந்ததா, கவலையாக இருந்ததா? இந்த வரி உங்கள் வழக்கைப் பலவீனமாக்கிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு அச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோர்ட்டில் வேண்டுமானால் அப்படி ஆகலாம். புத்தகத்தில் அந்த வரி இல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் கஷ்டத்தில் பாதி காணாமல் போய்விடும். முன்பின் தெரியாதவன் அடித்தால் வீட்டுக்கு ஓடி வரலாம். அப்பாவே அடித்தால் எங்கே ஓடுவது?

மேரி மெயின், ஜூடித் சாலமன் என்ற உளவியலாளர்கள் 1980களில் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்த சில குழந்தைகள், சற்று நேரம் வெளியே போயிருந்த தாயோ தகப்பனோ அறைக்குள் திரும்பி வந்ததும் அவரை நோக்கிப் போகும், பாதி வழியில் அப்படியே உறைந்துவிடும். சில குழந்தைகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கிட்டே போகும். பயந்தால் யாரிடம் ஓட வேண்டுமோ அவரே பயமாகவும் இருந்தால் குழந்தை இப்படி ஆகலாம் என்று பின்னால் மெயினும் எரிக் ஹெஸ்ஸும் விளக்கினார்கள். உங்கள் பென்சில் டப்பாவைப் படித்ததும் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் ஞாபகம் வந்தார்கள்.

1919இல் எழுத்தாளர் காஃப்கா தன் அப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதம் உண்டு. குழந்தையாக இருந்தபோது ஒரு ராத்திரி தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே இருந்ததற்காக அப்பா தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே பால்கனியில் நிறுத்திக் கதவைச் சாத்தியதை அதில் எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் வருகிறது. தான் நோயாகப் படுத்திருந்தபோது அப்பா சத்தம் போடாமல் வந்து, தொந்தரவு செய்யக் கூடாது என்று வாசலிலேயே நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாராம். அதை நினைத்துத் தான் அழுததையும் சொல்கிறார். முடிவில், தன் குற்றச்சாட்டுகளுக்கு அப்பா என்ன பதில் சொல்வார் என்பதையும் அப்பாவின் குரலிலேயே எழுதுகிறார். இத்தனைக்கும் பிறகு அந்தப் பால்கனியின் குளிர் கொஞ்சமும் குறையவில்லை. கூடத்தான் செய்கிறது.

அப்பாவை மன்னிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சில் சீவியது அடித்ததற்கு ஈடாகாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் சொந்த விஷயம், அதில் வாசகருக்கோ எனக்கோ வேலை இல்லை. அந்த மனிதரை முழுதாகக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழிவாங்கும் ஆசையைப் பற்றியும் ரொம்ப யோசிக்காதீர்கள். முதல் வரைவில் அது இருந்துவிட்டுப் போகட்டும். திருத்தி எழுதும்போது எந்த வரி அதிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணன் விஷயம். ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்த அப்பா ஒருவரே அல்ல. அண்ணன் உங்களைவிட எத்தனை வயது பெரியவர், அந்த நேரத்தில் வீட்டில் இருந்தாரா, அவரும் அடி வாங்கினாரா என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. மறந்தால்தான் வாழ முடியும் என்று அவருக்கும் இருந்திருக்கலாம். ஞாபகம் எல்லோரையும் ஏமாற்றக்கூடியது என்பதும் உண்மை. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை, வீட்டார் சொன்ன நிஜச் சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அது தங்களுக்கு நடந்ததாக முழுதாகவோ அரைகுறையாகவோ நம்பினார்கள். இதைச் சொல்வது உங்களைச் சந்தேகிப்பதற்காக இல்லை. வருடக்கணக்காகத் தினமும் நடந்த ஒன்றும், யாரோ ஒருமுறை சொல்லிக் கேட்ட ஒன்றும் சமமில்லை. ஆனால் எது நிச்சயமாகத் தெரியும், எது மங்கல், எது பிறர் சொல்லிக் கேட்டது என்று எழுதும்போதே பிரித்துக் காட்டிவிடுங்கள். அப்பா பேசியதாக நீளநீளமாக வசனம் எழுதியிருக்கிறீர்களே, அதில் உண்மையிலேயே காதில் நிற்கும் இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை" என்று அண்ணன் சொன்னதையும் புத்தகத்தில் சேருங்கள். அவர் சொன்ன விதம், அப்போது உங்களுக்கு வந்த கோபம், எல்லாவற்றையும்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். அதனால் படுக்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள், பகலில் நேரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதாத நாளிலும் அந்தக் காட்சிகள் வந்து வேலையைக் கெடுத்தால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். புத்தகம் காத்திருக்கும்.

அப்புறம் அம்மா. எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிடும் கேள்வியை இப்போதே எடுத்தால், அம்மா தலைக்கு மேல் நின்று படிப்பதாக நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுவீர்கள். அதைத் தள்ளி வையுங்கள். வெளியிடுவது என்று முடிவானால் மட்டும், அச்சாகும் முன்பு நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, இது உங்கள் வாழ்க்கை. ஆனால் பக்கத்து வீட்டார் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் அம்மா ஓரிரு வரிகளில்தான் வருகிறார். எல்லாக் கோபமும் அப்பா மேலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே சின்ன வாக்கியம் "வர மாட்டாள்" என்பதுதான். அடுத்த அறையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? விளக்கு எரியுமா? கதவு சாத்தியிருக்குமா? எல்லாம் அடங்கிய பிறகு வந்து உங்களிடம் என்ன பேசுவார்? எழுதத் தொடங்குவதற்கு இது அப்பாவைவிடக் கஷ்டமான அத்தியாயம், அவர் உயிரோடு இருப்பதால் இன்னும் கஷ்டம். அடுத்ததாக அதை எழுதிப் பாருங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்