சி மொழி கால்குலேட்டர்: குறியீட்டைக் கேட்காமல் தாண்டிப் போவது ஏன்?

உங்கள் கால்குலேட்டர் நிரல் இரண்டு எண்களையும் சரியாக வாங்கிவிட்டு, கூட்டலா கழித்தலா என்று கேட்கும் இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் பிழையே இல்லை. இரண்டாவது எண்ணைத் தட்டியபின் அழுத்தும் என்டர், புதுவரி எழுத்தாக உள்ளீட்டு பஃபரில் (தட்டியவை படிக்கப்படும்வரை காத்திருக்கும் தற்காலிக இடம்) தங்கிவிடுகிறது. தசம எண்ணைப் படிக்கும் %எல்எஃப், முன்னால் இருக்கும் வெற்றிடங்களையும் புதுவரியையும் தானே தாண்டிவிடும். ஒற்றை எழுத்தைப் படிக்கும் %சி தாண்டாது, அந்தப் புதுவரியையே உங்கள் குறியீடாக (+, - போன்றது) எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் மேற்கோள் குறிக்குள், %சிக்கு முன் ஓர் இடைவெளி விடுங்கள். அது போதும். பஃபரைக் காலி செய்ய எஃப்ஃப்ளஷ் கட்டளையை எஸ்டிடிஇன் (விசைப்பலகை உள்ளீடு) மீது போடச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். சி தரநிலைப்படி அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை, கம்பைலர் மாறினால் நடத்தையும் மாறலாம்.

விடை 3.333333 என்று நீள்வதைத் தடுக்க, விடையை அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் %8.2எஃப் போடுங்கள். புள்ளிக்குப் பின் 2 இலக்கம், புள்ளியும் சேர்த்து மொத்த அகலம் 8; 3.33க்கு முன் 4 இடைவெளி வரும். எண் 8 எழுத்தைத் தாண்டினால் வெட்டப்படாது, வரிசைதான் கலையும். விடை இடப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டுமானால் அகலத்துக்கு முன் கழித்தல் குறி.

இன்னொன்றை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பைச் சரிபாருங்கள். எண் கேட்கும்போது யாராவது எழுத்தைத் தட்டினால் 0 வரும், அந்த எழுத்து பஃபரிலேயே கிடக்கும். லூப்புக்குள் இருந்தால் நிரல் முடிவில்லாமல் சுற்றும். மதிப்பு 1 இல்லையென்றால், ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் கெட்சார் கொண்டு புதுவரியோ இஓஎஃப்போ (உள்ளீடு முடிந்ததற்கான அடையாளம்) வரும்வரை படித்துத் தள்ளுங்கள். இஓஎஃப் வந்தால் லூப்பை விட்டே வெளியேறுங்கள்.